சூடேறினால் ஊமை

டீச்சர் கேட்டு வந்திராவிட்டால் அந்தப் பெட்டியை அன்று யாரும் திறந்திருக்க மாட்டார்கள்.

"போன வாரம் என் வண்டியில கழட்டின பழைய சாமான் இருக்காம்மா? நீங்க குடுத்தீங்க, நான்தான் எனக்கெதுக்குன்னு போயிட்டேன். இப்ப எங்க வீட்டுக்காரர், கண்ணால பார்த்தாத்தான் மாத்தினதை நம்புவேங்கிறார். என்னையே இன்னும் முழுசா நம்பாத மனுஷன், உங்களையா நம்பப்போறார்!"

"பத்திரமா வச்சிருக்கேன் டீச்சர்" என்று சிரித்துக்கொண்டே மீட்டரக்கா அலமாரிப் பக்கம் போனாள்.

கார் பட்டறையில் வயரிங் வேலை முழுவதும் அவளுடையது. சட்டைப் பையில் எப்போதும் மீட்டர் இருக்கும். அதை வைத்துப் பார்க்காமல் எதைப் பற்றியும் வாய் திறக்க மாட்டாள். 'இவ மாப்பிள்ளைக்கே மீட்டர் வச்சுப் பார்த்துத்தான் தாலிக்குச் சம்மதிச்சிருப்பா' என்று முதலாளி ஒருநாள் சொல்லப்போக, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. கழற்றிய பழைய பாகத்தைத் துடைத்து, புதிய பாகம் வந்த பெட்டிக்குள்ளேயே போட்டு, வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுவார்கள். மாற்றியதற்கு அதுதான் சாட்சி. மற்றவர்கள் அழுக்குத் துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் கொடுப்பார்கள். மீட்டரக்காவுக்கு அது போதாது. பிரேக் கிளீனர் அடித்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் இடுக்கெல்லாம் தேய்த்து, காற்றடித்து, பழசைப் புதுசு போலாக்கித்தான் கொடுப்பாள்.

பெட்டியைத் திறந்தாள். உள்ளே பிளாஸ்டிக் உறைக்குள், முனையில் மஞ்சள் மூடிகூடக் கழற்றப்படாமல், ஒரு கிராங்க் சென்சார் இருந்தது.

ஒரு கணம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எவ்வளவு தேய்த்தாலும் பழைய சென்சாருக்கு மூடி முளைக்காதே. பிறகு புரிந்தது. 

நேற்றுச் சாயங்காலம் அவள் தம்பியின் பச்சை வண்டி வந்திருந்தது. டீச்சர் வண்டியும் அதுவும் ஒரே ரகம். தம்பி லைசென்ஸ் வாங்கி நாலு மாதம்தான் ஆகிறது. மீட்டரக்காவின் மகள் குட்டியை நீச்சல் போட்டிக்கு மலைக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தான். வண்டியில் குறை ஒன்றுமில்லை. சென்சாரின் வயர் முனையில் மட்டும் ஒரு கீறல் தெரிந்தது. மலையேறப்போகிற வண்டி, எதற்கு வம்பு என்று அவள்தான் புதிது மாட்டுகிறேன் என்றாள். அலமாரியில் ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள் இருந்தன. கை நீண்டு ஒன்றை எடுத்தது. உள்ளே உறை இல்லையே என்று தோன்றத்தான் செய்தது. இப்போதெல்லாம் உறையில்கூட மிச்சம் பிடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மீட்டரை வைத்துப் பார்த்தாள். எண்ணூற்று அறுபது ஓம். சரியான அளவு. மாட்டிவிட்டாள்.

குளிர்ந்திருக்கும்போது டீச்சரின் சென்சாரும் எண்ணூற்று அறுபதுதான் காட்டியது. போன வாரம் டீச்சர் கண்முன்னேயே ஹேர் டிரையரால் அதைச் சூடாக்கிக் காட்டியவள் அவள். இரண்டாவது நிமிடத்தில் மீட்டர் முள் செத்து விழுந்தது. சென்சாருக்குள் முடியைவிட மெல்லிய கம்பிச் சுருள் இருக்கிறது. அது எங்கோ ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தது. குளிரில் ஒட்டிக்கொள்ளும், சூட்டில் விலகிவிடும். அதனால்தான் டீச்சரின் வண்டி கிளம்பிய நாற்பதாவது நிமிடம் நடுரோட்டில் நின்றது. அரைமணி ஆறப்போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது.

"என்னம்மா, எலி கிலி தூக்கிட்டுப் போயிடுச்சா?" என்றார் டீச்சர்.

மீட்டரக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு முப்பத்தொன்று. எட்டு மணிக்குத்தான் பட்டறை வாசலில் தம்பி ஹாரன் அடித்தான். பின் சீட்டிலிருந்து குட்டி கைகாட்டினாள்.

போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். வண்டி ஓட்டும்போது போனைத் தொட்டால் கையை உடைப்பேன் என்று மிரட்டி அவனிடம் சத்தியம் வாங்கியதே அவள்தான். போன் டேஷ்போர்டுப் பெட்டிக்குள், சத்தத்தை அணைத்து வைத்த நிலையில், யாருக்கும் கேட்காமல் அதிர்ந்துகொண்டிருக்கும்.

முதலாளியிடம் ஓடினாள். சொல்லி முடிப்பதற்குள் அவர் சிரித்துவிட்டார். "நீயா? பெட்டியை மாத்தி எடுத்தியா? போம்மா, காலங்காத்தால." பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே உதட்டில் காய்ந்தது. "கொக்கியைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பு. நான் ரோடு ஆபீஸுக்குப் போன் பண்றேன். நில்லாதே, ஓடு!"

கொக்கி என்பது பட்டறையின் மீட்பு லாரியை ஓட்டுகிறவர். லாரியின் பின்னால் தொங்கும் கொக்கிதான் அவருக்குப் பேரானது. மீட்டரக்கா புதிய சென்சாரையும் பத்தாம் நம்பர் ஸ்பேனரையும் டார்ச்சையும் மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"பயப்படாதே மீட்டரு" என்றார் கியரை மாற்றிக்கொண்டே. "வண்டி நிக்கப்போகுது, அவ்வளவுதானே? பறக்கவா போகுது? ஓரங்கட்டிட்டு உக்காந்திருப்பான் உன் தம்பி."

"அண்ணே, எஞ்சின் நின்னா பிரேக் ரெண்டே மிதிதான் பிடிக்கும். அப்புறம் கல்லை மிதிக்கிற மாதிரி இருக்கும். ஸ்டீயரிங் திரும்பாது. அவன் நாலு மாசம் ஓட்டினவன். பயத்துல பிரேக்கை மிதிச்சு மிதிச்சு விடுவான்."

கொக்கி ஆக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

ஊர் முடிந்து, குடோன்கள் முடிந்து, சாலை நிமிர ஆரம்பித்தது. எட்டு நாற்பது. அவள் மனசு பச்சை வண்டியின் பானெட்டுக்குள் நுழைந்துகொண்டது. கியர்பாக்ஸ் ஓரமாக, கை நுழையாத இடுக்கில், அந்தக் கறுப்புத் துண்டு உட்கார்ந்திருக்கிறது. ஏற்றத்தில் எஞ்சின் திணறும், சூடு கூடும். நாற்பது நிமிடம் என்பது சமதரையில் ஓடிய டீச்சருக்கான கணக்கு. மலைக்கு அது முப்பத்தைந்தா, நாற்பத்தைந்தா? யாரிடம் கேட்பது?

"இவ்வளவூண்டு சாமானுக்கு ஒரு வண்டியையே நிறுத்துற அதிகாரமா?" என்றார் கொக்கி. பேசாமலிருந்தால் அவள் உடைந்துவிடுவாள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "எனக்குக் கொக்கியும் சங்கிலியும்தான் தெரியும். சொல்லேன், அது என்னதான் பண்ணுது?"

"எஞ்சின் சுத்தும்போது கூடவே ஒரு பல்சக்கரம் சுத்தும்ணே. அறுபது பல் இருக்கவேண்டிய எடத்துல ஐம்பத்தெட்டுதான் இருக்கும். ரெண்டு பல்லை வேணும்னே விட்டிருப்பாங்க. சென்சார் அதுக்கு எதிர்ல ஒரு நகக்கண் தூரத்துல ஒட்டாம நிக்கும். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது அதுக்குள்ள மின்சாரம் துளி துளியா துடிக்கும். பல் இல்லாத எடம் வந்தா ஒரு துடிப்பு விட்டுப்போகும். அதை வச்சுத்தான் கம்ப்யூட்டருக்கு இப்ப எந்த பிஸ்டன் எங்க நிக்குது, எந்தப் பிளக்குக்கு எப்பப் பொறி விடணும்னு தெரியும்."

"துடிப்பு வரலேன்னா?"

"எஞ்சின் நின்னுபோச்சுன்னு நெனைச்சுக்கும். பொறியையும் நிறுத்திடும், பெட்ரோலையும் நிறுத்திடும். எஞ்சின்ல ஒரு குறையும் இருக்காதுண்ணே. அப்பவும் சுத்திக்கிட்டுத்தான் இருக்கும். ஆனா சுத்துதுன்னு எடுத்துச் சொல்ல ஆள் இருக்காது."

சொல்லிவிட்டு அவள் உள்ளங்கையைப் பார்த்தாள். ஸ்பேனரின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

அவளுக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. வண்டியில் ஏறினால் குட்டிக்கு அரைமணிக்கொரு தரம் ஒன்றுக்கு வரும். அடிவாரத்துப் பெட்ரோல் பங்கில் நிறுத்தச் சொல்லி அடம்பிடிப்பாள். அங்கே எஞ்சினை அணைத்தால் போதும். எஞ்சினைக் குளிர்வித்து ஓடுகிற தண்ணீர் நின்று, சூடு அப்படியே தேங்கி ஏறும். சென்சார் அங்கேயே ஊமையாகிவிடும். வண்டி கிளம்பாது. பங்கு வாசலில் இருவரும் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு அவளைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். தெய்வமே, அவளுக்கு இன்றைக்கு வரட்டும், அவசரமாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டாள். உலகத்தில் எந்தத் தாயும் இப்படி ஒன்றை வேண்டியிருக்க மாட்டாள்.

பங்கில் பச்சை வண்டி இல்லை. கொக்கி ஜன்னல் வழியாகக் கத்திக் கேட்டார்.

"பச்சைக் காரா? போச்சே!" என்றான் பெட்ரோல் போடுகிறவன். "நீச்சல் கண்ணாடி மாட்டிக்கிட்டு ஒரு பாப்பா கைகாட்டிட்டுப் போச்சு. நிக்கல."

அதற்குமேல் மலை. ஒவ்வொரு வளைவு திரும்பும்போதும் அவள் கண் முதலில் சாலையைப் பார்க்கவில்லை, தடுப்புக் கல்லைப் பார்த்தது. எங்காவது பெயர்ந்திருக்கிறதா, புல் நசுங்கியிருக்கிறதா. ஒரு திருப்பத்தில் பச்சையாக ஏதோ தெரிய, அவள் கொக்கியின் கையைப் பிடித்துவிட்டாள். தார்ப்பாய் போட்ட விறகுக் குவியல்.

"ஒண்ணு சொல்றேன், கேப்பியா?" என்றார் கொக்கி மெதுவாக. "பிள்ளைங்க நல்லபடியா இருக்கட்டும், இருப்பாங்க. ஆனா பெட்டி மாறின கதையை அவங்ககிட்ட சொல்லிட்டிருக்காதே. புது சாமானே கோளாறா வந்திருச்சுன்னு சொல்லு. யார் தேடிப் பார்க்கப்போறா? வீட்டுக்குள்ள ஒரு தடவை நம்பிக்கை போச்சுன்னா நாளைக்கு ஒரு பல்பு மாட்டினாக்கூட சந்தேகப்படுவாங்க."

அவள் தலையை ஆட்டினாள். அது ஆமாம் என்றா, இல்லை என்றா என்று அவளுக்கே தெரியாது.

ஒன்பது பதினைந்துக்குச் சுரங்கப்பாதையின் வாய் தெரிந்தது. மலையைக் குடைந்து மூன்று கிலோமீட்டர் போகும் பாதை; உள்ளே போக ஒரு தடம், வர ஒரு தடம். வாய்க்கு முன்னால் வண்டிகள் வால்போல நின்றிருந்தன. மேலே சிவப்பு விளக்கு. ஆட்கள் இறங்கி நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காவல் கூண்டிலிருந்து ஒருவர் ஓடிவந்தார். "மீட்பு லாரியா? நல்ல நேரத்துல வந்தீங்க! உள்ளே ஒரு கார் நின்னுபோச்சு. அரைமணி ஆச்சு."

"என்ன கலர்?" என்றாள் மீட்டரக்கா.

"கேமராவுல கலர் ஏதும்மா? எல்லாம் சாம்பல்தான். சின்னக் கார். பின்னாடியே ஒரு பெரிய லாரி நிக்குது. முட்டிச்சா இல்லையான்னு சரியாத் தெரியல, ஒரே புகை. எதிர் வண்டியை நிறுத்திட்டேன், அந்தப் பக்கமா உள்ளே போங்க."

உள்ளே நுழைந்ததும் வெயில் பட்டென்று அணைந்தது. கூரையில் இருபதடிக்கு ஒன்றாக மங்கல் விளக்குகள். இடது பக்கம் நின்றுபோன வண்டிகளின் வரிசை. ஒவ்வொன்றிலும் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு மினுக்கியது. புகைக்குள் அந்த மினுக்கல் நீண்டுகொண்டே போனது. ஒரு கார், இன்னொரு கார், ஒரு வேன். வேனிலிருந்து யாரோ ஒரு குழந்தை அழும் சத்தம். குட்டியின் குரல் இல்லை. மீட்டரக்கா எண்ண ஆரம்பித்தாள். பதினொன்று, பன்னிரண்டு. எண்ணுவதை நிறுத்தினால் வேறெதையாவது நினைக்க வேண்டியிருக்கும்.

பதினாறாவதாக லாரி நின்றது. அதன் முன்சக்கரத்துக்குப் பின்னால் சாலையில் இரண்டு கறுப்புக் கோடுகள், நீளமாக. லாரியின் மூக்குக்கு முன்னால் பச்சை வண்டி. இரண்டுக்கும் நடுவே ஒரு சாண்தான். அந்தச் சாணுக்கு அந்தப்பக்கம் பின்கண்ணாடி. கண்ணாடிக்கு உள்ளே குட்டி எப்போதும் உட்காரும் இடம். அது காலியாக இருந்தது.

மீட்பு லாரி நிற்பதற்குள் அவள் குதித்துவிட்டாள்.

"அம்மா!"

சுவரோரம், அவசரத்துக்கு ஒதுங்கும் மாடத்துக்குள், இருவரும் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். குட்டியின் கழுத்தில் நீச்சல் கண்ணாடி தொங்கியது. மீட்டரக்கா அவள் தலையை, தோளை, முழங்கையை, ஒவ்வொரு எலும்பாகத் தொட்டுப் பார்த்தாள்.

"கூசுதும்மா. நீ எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தே? மாமா போனே பண்ணலியே, உள்ளே டவரே இல்ல."

தம்பியின் முகத்தில் ரத்தமே இல்லை. "திடீர்னு செத்துப்போச்சுக்கா. ஒரு சத்தம்கூட இல்ல. பிரேக் கல்லாயிடுச்சு. ஏத்தமா இருந்ததால தானா நின்னுச்சு. லாரிக்காரர் ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தார் பாரு..." பக்கத்தில் நின்ற லாரிக்காரர், "இன்னும் பத்து நிமிஷம் கழிச்சு நின்னிருந்தா இறக்கம் தம்பி. பதினோரு வளைவு" என்றார். சும்மா தகவலாகத்தான் சொன்னார்.

கொக்கி சங்கிலியை மாட்டினார். நாலு பேரும் மீட்பு லாரியின் முன்னால் நெருக்கியடித்து உட்கார, பச்சை வண்டி முன்காலைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தது. மறுபக்கத்து வெயிலில் சாலையோரம் அகலமான இடத்தில் இறக்கினார்கள். மீட்டரக்கா டார்ச்சையும் ஸ்பேனரையும் எடுத்துத் திரும்புவதற்குள், தம்பி சாவியைத் திருப்பிவிட்டான்.

எஞ்சின் ஒரே சொடுக்கில் கிளம்பியது. சீராக, அழகாக.

"அக்கா! தானா சரியாயிடுச்சு பாரு! புகையில மூச்சு முட்டியிருக்கும் போல. குட்டி, ஏறு ஏறு, பதினோரு மணிக்குப் போட்டி. இறக்கம்தானே, அரைமணியில போயிடலாம்."

குட்டி கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தாள்.

"இறங்கு" என்றாள் மீட்டரக்கா.

"லேட்டாகுதுக்கா. உன் மீட்டரை ராத்திரி வச்சுப் பார்த்துக்கோ."

"நிறுத்துடா எஞ்சினை! அது சரியாகல, ஆறியிருக்கு. மறுபடி சூடானா மறுபடி நிக்கும்."

"எப்படிச் சொல்றே? நேத்துதானே புதுசு போட்டே?"

கொக்கி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கம்பெனி அனுப்பியதே கோளாறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை நாக்கு நுனியில்தான் இருந்தது. மகளின் ஒரு கால் காருக்குள் இருந்தது.

"புதுசு போடல" என்றாள். "டீச்சர் வண்டியில கெட்டுப்போய்க் கழட்டினதை உன் வண்டியில மாட்டிட்டேன். நான்தான். பெட்டி மாறிடுச்சு."

தம்பி சாவியை அணைத்தான். மலைச்சரிவில் எங்கோ ஒரு பறவை கத்தியது. அவன் திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் சாலையையே பார்த்தான். கீழே மடிந்து மடிந்து இறங்கும் வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணுவதுபோல் பார்த்தான்.

"இவ பின்னாடிதான் உக்காந்திருந்தாக்கா" என்றான் கடைசியில்.

மீட்டரக்கா பானெட்டுக்குள் குனிந்தாள். ஒரே ஒரு போல்ட். பத்து நிமிட வேலைக்கு அரைமணி ஆனது. போல்ட் இருமுறை கீழே விழுந்தது. புதிய சென்சாரின் மஞ்சள் மூடியைக் கழற்றி, அளந்து, மறுபடி அளந்து, பிறகு உறைமேல் அச்சிட்டிருந்த எண்ணையும் ஒருமுறை சரிபார்த்து மாட்டினாள்.

"ஆச்சு. ஏறுங்க."

குட்டி அசையவில்லை. கொக்கியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் இந்த மாமா லாரியில வரேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பயந்த பிள்ளைகள் சொல்வதுபோல மிகவும் மரியாதையாகச் சொன்னாள்.

"அதுல போ கண்ணு" என்றாள் மீட்டரக்கா. "நீயும் அதுலயே போடா. இதை நான் ஓட்டிட்டு வரேன்."

பதினோரு வளைவுகளையும் அவள் தனியாக இறங்கினாள். ரேடியோ இல்லை, கண்ணாடி ஏற்றிவிட்டு, எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டாள். முன்னால் லாரியின் பின்கண்ணாடியில் மகளின் தலை தெரிந்தது. அது அடிக்கடி திரும்பியது. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்து நின்றது. இருபதாவது நிமிடம். முப்பதாவது. ஏதாவது ஒரு சிறு பிசிறு கேட்கிறதா என்று காத்துக் காத்து அவளுக்கு இல்லாத பிசிறெல்லாம் கேட்டது.

நீச்சல் குளத்து வாசலில் பத்து ஐம்பதுக்கு வந்து சேர்ந்தார்கள். தம்பி குட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினான். கொக்கி வந்து ஜன்னலைத் தட்டினார்.

"வந்தாச்சு மீட்டரு. அணைச்சிட்டு உள்ளே போ, பிள்ளை நீந்துறதைப் பாரு."

"நாற்பது நிமிஷம் ஆகட்டும்ணே."

"ஆகிடுச்சே!"

"இன்னும் கொஞ்சம்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். உள்ளே விசில் ஊதியது, கூட்டம் கத்தியது, மறுபடி விசில். அவள் இருக்கையைவிட்டு எழவில்லை. சாவியில் கை வைப்பாள், எடுத்துவிடுவாள். மனசுக்குள் பல்சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஐம்பத்தெட்டு துடிப்பு, ஒரு வெற்றிடம். ஐம்பத்தெட்டு துடிப்பு, ஒரு வெற்றிடம். ஒவ்வொரு வெற்றிடத்திலும், இதற்கு அடுத்த துடிப்பு வராமல் போய்விடுமோ என்று அவள் மூச்சு நின்றது.

ஒன்றேகால் மணி நேரம் கழித்து குட்டி ஈரத் தலையோடு வந்தாள். மூன்றடி தள்ளியே நின்றாள்.

"நாலாவது வந்தேன். நீ பார்க்கலியா?"

"இல்ல கண்ணு."

"திரும்பிப் போறப்பவும் நாங்க லாரியிலதானே?"

"ஆமா."

"நீ?"

"நான் இதுல வரேன்."

"தனியாவா?"

மீட்டரக்கா தலையாட்டினாள். குட்டி வண்டியின் பானெட்டையே பார்த்தாள். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு அந்த மூன்றடியில் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"அப்ப நீ முன்னாடி போ. நாங்க பின்னாடியே வரோம். நீ நின்னுட்டா எங்களுக்குத் தெரியும்."